சேவல் காளான்

வோருவுக்குத் தெற்கே தார்ச்சாலை முடிகிற இடத்தில்
காரை நிறுத்தினேன்.
நீ உடனே இறங்கவில்லை.
கண்ணாடி வழியே முதலில் இடப்பக்கம்,
பிறகு வலப்பக்கம்,
பிறகு நாம் வந்த வழி.
பின்சீட்டில் தானெல் காலி வாளியைத்
தட்டிக்கொண்டே இருந்தான்.

நீ வந்து ஒன்பது நாளாகிறது.
ஏழு மாதம் மாலியின் செம்மண் சாலைகளில்
ஒரு கோலை முன்னே நீட்டியபடி நடந்தவள்.
உன் பூட்ஸின் தையலில் அந்த மண் இன்னும் இருக்கிறது.
மிதியடியில் தட்டினால் உதிர்கிறது.
நான் கூட்டுவதில்லை.

அக்டோபர் முதல் வாரம்.
பிர்ச் மரங்கள் மஞ்சளைக் கொட்டித் தீர்த்துவிட்டன.
ஆஸ்பென் மட்டும் காற்றில்லாதபோதும் எதற்கோ நடுங்குகிறது.
நேற்றைய மழையைப் பாசி இன்னும் விடவில்லை,
மிதித்தால் கொஞ்சம் திருப்பித் தருகிறது.

“அம்மாவுக்குக் காளான் தேடத் தெரியுமா?”
நீ பக்கத்தில் நிற்கும்போதே
என்னிடம் கேட்கிறான்.
அவனைச் சொல்லிக் குற்றமில்லை.
இத்தனை நாள் நீ உள்ளங்கை அகலத் திரையில் இருந்தாய்.
பேச்சின் நடுவே உறைந்து போவாய்,
பாதி வாய் திறந்தபடி.
“அவளிடமே கேளேன்” என்றேன்.
கேட்கவில்லை.

காளான் கண் நம் இருவரில் உனக்குத்தான்.
நான் மிதித்த பிறகுதான் பார்ப்பேன்.
இன்று நீ தரையைப் பார்ப்பது வேறு மாதிரி:
இந்தச் சருகை யார் கலைத்தது
என்று கேட்கிற பார்வை.

திடீரென உன் கை மேலெழுந்தது. விரல்கள் சேர்ந்து.
“நில்.”
உரக்கக்கூட இல்லை.
தானெல் ஒற்றைக் காலில் நின்றான்.
நீ மண்டியிட்டாய்.
தூங்குகிற பிள்ளைக்கு வகிடெடுப்பதுபோல
விரல் நுனியால் பாசியை விலக்கினாய்.

கம்பி.
துருவேறி, முள் உதிர்ந்து,
எப்போதோ கூட்டுப்பண்ணை மாடுகளை அடைத்த வேலியின்
மிச்சம்.

யாரும் சிரிக்கவில்லை.
எங்கோ ஒரு மரங்கொத்தி தன் வேலையைப் பார்த்தது.
நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.
வேலிதான், கைடி, என்றாவது.
நீ அதன் மறுமுனையைத் தேடி எட்டடி ஊர்ந்தாய்.
முடிகிற இடத்தைத் தொட்டுப் பார்த்த பின்தான் எழுந்தாய்.

“இன்னும் நிக்கணுமா?”
“போதும்.”
“நான்தானே ஜெயிச்சேன்? அப்பா அசைஞ்சுட்டார்.”
என்னைப் பார்த்தாய்.
“ஆமா,” என்றாய். “அப்பா அசைஞ்சுட்டார்.”

ஸ்ப்ரூஸ் நிழலுக்குள் அவன் முன்னால் ஓடினான்.
கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு கை எழுந்தது,
உன் கை எழுந்த அதே விதமாய்.
“நில்லுங்க!”

நீ நின்றாய்.
மூச்சும் நின்றது. கழுத்து நரம்பு மட்டும் துடித்ததைப் பார்த்தேன்.

அவன் காலடியில் மஞ்சளாய்
ஒன்று, அப்புறம் மூன்று,
அப்புறம் எண்ண முடியாத ஒரு வரிசை.
ஓரம் நெளிந்த சேவல் காளான்கள்,
இங்கிருந்தே ஆப்ரிகாட் வாசம்.

“மிதிச்சுடாதம்மா.
என் தடத்திலேயே கால் வச்சு வா.”

போனாய்.
முப்பத்தெட்டாம் நம்பர் பூட்ஸ்
இருபத்தொன்பதின் பள்ளங்களில் ஒவ்வொன்றாய் இறங்கியது.
அவன் ஓடிய கோணல் வழி முழுக்க,
ஒரு அடிமரத்தைச் சும்மா சுற்றி வந்த
வட்டம் உட்பட.

இரவு, வாணலியில் வெண்ணெய் உருகும்போது
நீ உப்பைத் தேடினாய்.
ஜன்னலோர அலமாரி. இல்லை.
அதன் கீழ்த்தட்டு. இல்லை.
மார்ச்சில் நான் இடம் மாற்றியிருந்தேன்,
அவனுக்கு எட்டட்டும் என்று.
சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவன் நாற்காலியிலிருந்து குதித்து
உன் சுட்டுவிரலைப் பிடித்து
இழுத்துப் போனான்,
மூன்றடி தூரத்துக்கு.

காளான் ஒரு பக்கம் கருகிவிட்டது.
தின்றோம்.