மூணாவது அடி

பனச்சமூட்டில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேரளா.
இந்தப் பக்கம் எனக்க மேசை,
பழைய குடைத்துணி விரித்தது.

ஷீட் உருளையில் பிழிந்த ரப்பரின் ஓரத்துண்டுகள்
புகைப்புரை வாசலில் கிடக்கும்.
ஒன்றை மரக்கட்டையில் ஒட்டி
நீல மை தொட்டு அட்டையில் வைத்தேன்.
வரிவரியாய்,
அண்ணன் பெண்பார்க்கப் போட்டுப்போன
கார்டுராய் பேன்ட் மாதிரியே விழுந்தது.
கிழித்துவிட்டேன்.

அடுத்தது ஒட்டுப்பால்.
சிரட்டையில் உறைந்ததைப் பிய்த்தால் கை நாறும்,
ஆனால் மேடும் குழியும்
ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது.
முதல் அடி சத்தம் போடும்.
மை தொடாமல் உடனே வைக்கிற இரண்டாவது
பேச்சு.
மூணாவது,
பக்கத்து அறையில் யாரோ இருக்கிறார்கள் என்பது.
எனக்கு வேண்டியது மூணாவது.

அதன்மேல் இன்னொன்று:
வழுவழுப்பான சதுர ரப்பரில் செம்மண் நிறம் பூசி
கொசுவலை சுற்றிய கட்டையை
அதன் முகத்தோடு முகம் வைத்து அமர்த்தி எடுத்து
மிச்ச நிறத்தை அட்டையில் பதித்தேன்.
ஒன்று மற்றதிடமிருந்து கொண்டுபோனது
வெள்ளையாய் நிற்கிறது.
கண்ணை மூடிக்கொண்டு தடவினால்
ஒன்றுமில்லை. பார்த்தால் மட்டும்
சொரசொரப்பு.

வார்த்தை முத்திரைகள் டப்பாவில் உண்டு.
மணவாழ்த்து, பிறந்தநாள், கிறிஸ்மஸ், ஆழ்ந்த அனுதாபம்.
அண்ணனை விட்டுப்போனவள்
நாளை வெள்ளறடை ரெஜிஸ்டர் ஆபீஸில்
பைனான்ஸ் கம்பெனி சுனில்ராஜோடு
கையெழுத்துப் போடுகிறாள்.
இதற்கொரு முத்திரை வெட்ட
எவனுக்கும் தோன்றவில்லை.

போன மாதம்கூட யார் கையிலோ
ஏத்தங்காய் உப்பேரி கொடுத்துவிட்டாள்.
வீட்டில் யாரும் தொடவில்லை.
நான் தின்றேன்,
பொட்டலம் முழுக்க.

மைனி என்று இனி எழுத முடியாது.
ஏழு வருஷம் வேறொன்றும் கூப்பிட்டதில்லை.
றெஜிலா என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிப்பார்த்தேன்.
ஸ்கூலில் ஹாஜர் எடுத்ததுபோல் இருந்தது.

ஆகவே உள்பக்கம் எழுத்தில்லை.
அதே ஒட்டுப்பாலின் நாலாவது அடி,
சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.
கவரிலும் போடவில்லை,
பெயர் கேட்குமே கவர்.

எடவப்பாதி மழை. மை காயவில்லை.
சுடு அப்பம் ஏந்துகிறவள்போல
அட்டையை உள்ளங்கையில் மட்டமாய்ப் பிடித்து
குடைக்குள் நிற்கிறேன்.
நெடுமங்காடு பஸ் போகட்டும்.