படி இறங்குமா

ஜனவரி, வியாழக்கிழமை காலை,
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
கன்டெய்னர் லாரியிலிருந்து இறங்கியது புது மாடல்.
கோல்பி பிளாஸ்டிக் உறையை உரித்து முடிப்பதற்குள்
பிக்கப்காரர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.
மைல்ஸ் சிட்டியில் செய்திக்குக் கால் கிடையாது,
நான்கு சக்கரம்.

நான் உதிரிபாகக் கவுன்டரில் நிற்பவன்.
பதினொரு வருடமாக இவர்களை
ஆயில் ஃபில்டர் எண்களால் அறிவேன்.

சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல
ஹால்வர் முதலில் முகத்துக்குப் போனார்.
மூக்கும் முழியும் சரியில்லை என்றார்.
மூக்கு மட்டும்தான் இருக்கிறது,
முழி எங்கே?
விளக்குகள் கோடாகச் சிறுத்து
ஓரமாய் ஒதுங்கியிருந்தன,
பந்தியில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி.

டுவெய்ன் பனியில் மல்லாந்து அடியில் நுழைந்தார்.
வெளியே தெரிந்த பூட்ஸ் பேசியது:
பின்சக்கரம் ரெண்டும் தனித்தனியாகத் தொங்குகிறது,
நடுவில் ஒற்றைத் தண்டு இல்லை.
குதிரை டிரெய்லரை இழுக்கும்,
மனசில்லாமல் இழுக்கும்.

கியர்க் கம்பி எங்கே என்றார் ரஸ்டன்.
கோல்பி ஒரு திருகியைக் காட்டினான்.
என் வீட்டு அடுப்பில்கூட இதுதான் இருக்கிறது தம்பி,
ஆனால் அடுப்பு
எட்டாயிரம் பவுண்டு இழுக்க வேண்டியதில்லை.

விலைச் சீட்டை எல்லோரும் படித்தார்கள்,
யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
தன் முதல் வீட்டைவிட அதிகம் என்று
ஹால்வர் தன் கையுறையிடம் சொன்னது மட்டும்
எனக்குக் கேட்டது.

கோல்பி கதவைத் திறந்தான்.
வயிற்றுக்கடியிலிருந்து விர்ரென்று
ஒரு படி வெளியே வந்து நின்றது.
அங்கேதான் சிரிப்பு வெடித்தது.
யார் இறங்கப்போவது, மகாராணியா?

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் ஆர்டிஸ்.
எழுபத்தெட்டாம் வருடப் பிக்கப்பில்
இன்னும் டயரை மிதித்துத்தான் ஏறுகிறாள்.
நாலு நாள் சேறு பட்டால் இது
நாக்கை நீட்டிக்கொண்டு செத்துக் கிடக்கும் என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் புது மாடல் அணைந்தது.
பேட்டரி எங்கே என்று மூன்று பேர் தேடினார்கள்.
கையேடு திரைக்குள்.
திரை இருட்டுக்குள்.
கடைசியில் ரஸ்டனின் துருப்பிடித்த பிக்கப்தான்
பக்கத்தில் வந்து நின்று ரத்தம் கொடுத்தது.
ரஸ்டன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை,
வாரம் முழுக்கப் பேசாமல் இருப்பார்,
ஊருக்கே கேட்கும்படி.

ஐந்து மணிக்கு இருட்டிவிட்டது.
ஆர்டிஸ் திரும்பி வந்தாள், தனியாக.
வைப்பர் பிளேடு வேண்டுமாம்.
போன மாதம்தான் வாங்கியிருந்தாள்.
அந்தப் பெரிசு பூட்டியிருக்கா, என்றாள்
அலமாரியைப் பார்த்தபடி.

கோல்பி கிளம்பிப் போயிருந்தான், சாவி என்னிடம்.
கதவைத் திறந்தாள், படி இறங்கியது.
மூடினாள், ஏறியது.
மறுபடி திறந்தாள்.
கையுறையைக் கழற்றிவிட்டு
தரையிலிருந்து படிக்குச் சாண் வைத்து அளந்தாள்.

மெர்லுக்கு மாதம் இரண்டு முறை பில்லிங்ஸ்,
நூற்று நாற்பத்தைந்து மைல்,
மடியில் ஆக்சிஜன் உருளை.
பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத்தான் ஏற்றுகிறாள்.
போன வாரம் பெட்டி வழுக்கிவிட்டது, என்றாள்.
அதற்குமேல் சொல்லவில்லை.

முகம் கோரம்தான், என்றாள்.
திருகி மடத்தனம். விலை பகல் கொள்ளை.
காலையில் சொன்ன எதையும் திரும்ப வாங்கவில்லை.
பிறகு கேட்டாள்,
மைனஸ் முப்பதில் இந்தப் படி இறங்குமா?

இந்தக் கவுன்டரில் எல்லாவற்றுக்கும் ஒரு எண் உண்டு.
தெரியாது, என்றேன்.
சனிக்கிழமை முப்பதைத் தொடும் என்கிறது ரேடியோ.

சரி, சனிக்கிழமை வருகிறேன், என்றாள்,
தேவையில்லாத வைப்பர் பிளேடுகளுக்கு
சில்லறை எண்ணி வைத்தபடி.