பதினெட்டு எட்டு

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக்
கடலைப் பற்றி எல்லாம் தெரியும்.
நீந்த மட்டும் தெரியாது.
ஜூலையிலும் பத்து டிகிரி தாண்டாத தண்ணீர்.
கணுக்கால் நனைந்தால் போதும்,
எலும்பு பேசத் தொடங்கிவிடும்.

நியூஃபவுண்ட்லாந்தின் வடகரை.
மீன் ஆலையை மூடியாயிற்று.
வங்கிக் கிளையையும்.
மிஞ்சியது பனிச்சறுக்கு அரங்கம் ஒன்று.

"வெந்நீர்க் குளமா?" என்றார் மேயர் லெஸ்டர் பட்ஜெல்.
"மூன்று பக்கமும் தண்ணீர்.
இதில் இன்னும் தண்ணீர் கேட்கிறீர்கள்."
மன்றம் சிரித்தது.
சிரிப்பு, மணி ஏழு நாற்பது,
என்று குறித்துக்கொண்டேன்.
குழுவின் செயலாளர் நான்.
ஒன்பது வருடமாக.
என் வீட்டு உறைபெட்டியில் பாதி
விற்காமல் திரும்பிய மஃபின்கள்.

நாள்காட்டி விற்றோம்.
மூஸ் இறைச்சிக்குக் குலுக்கல் நடத்தினோம்.
தீயணைப்பு நிலையச் சுவரில்
ஆளுயர வெப்பமானி வரைந்து
சேர்ந்த பணத்துக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினோம்.
கால்வாசியில் நின்ற சிவப்பு
மழையில் வெளுத்து இறங்கிவிட்டது.
கணக்கு இறங்கவில்லையென்று
மெர்சிடீஸ் வீடுவீடாகப் போய்
சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

பிரைட் ஹைன்ஸுக்கு இரண்டு முழங்காலும் மாற்றியது.
வெந்நீரில் அரைமணி நடக்க
மூன்று மணிநேரம் கார் ஓட்டுகிறாள்.
"தண்ணீரில் புது முழங்கால்தான்.
வீட்டு வாசலில் இறங்கும்போது
பழையது திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது."

அரங்கத்தின் குளிரூட்டியை முப்பது வருடம் பார்த்துக்கொண்ட
ஹெட்லி ரைட்அவுட்
கூட்டங்களில் வாய் திறந்ததில்லை.
பிப்ரவரியில் ஒருநாள் எழுந்து,
"பின்சுவர்ப் பக்கம் வாருங்கள்" என்றார், அவ்வளவுதான்.
போனோம். மேயரும் வந்தார்.
ஊரெல்லாம் இடுப்பளவு பனி.
அங்கே, புகைபோக்கிக்குக் கீழே,
ஒரு பாய் அகலத்துக்குப் பச்சைப் புல்.
அதில் நான்கு பூனைகள், நீட்டி நிமிர்ந்து.
"ஐஸ் உறையவைக்க எடுத்த சூடு இது.
இத்தனை வருடமும் வானத்துக்குக் கொடுத்தோம்.
வானம் ஒரு ரசீதுகூடத் தந்ததில்லை."
மேயர் கையுறையைக் கழற்றிப்
புல்லைத் தொட்டுப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
அதையும் குறித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு.
ஏழு பேரில் மூவர் நமக்கு. நிச்சயம்.
அதற்கு முந்தின சனிக்கிழமை
அரங்கத்துக்குப் பக்கத்து வெளியில்
பழைய இழுவலைக் கயிற்றால்
இருபத்தைந்து மீட்டர் அளந்து
பனியின்மேல் குளம் கட்டினோம்.
கனத்த கோட்டுக்கு மேல் நீச்சலுடை மாட்டிக்கொண்டு
நூறு பேர் வந்தார்கள்.
மூன்றாம் தடத்தில் மேவ் பின்சென்ட், வயது ஆறு,
மல்லாந்து விழுந்து கைவீசினாள்.
அவள் எழுந்துபோன இடத்தில்
சிறகு முளைத்த ஒரு பள்ளம்.

எல்லோரும் போனபின்
கயிற்றைச் சுருட்டக் குனிந்தபோது
கஸ் கெஹோ வந்து நின்றார்.
ஒன்பது வருடமும் கையெழுத்துப் போட மறுத்தவர்.
"நீந்தத் தெரிந்தவனுக்குச் சாக நேரமாகும், அவ்வளவுதான்"
என்று கதவைச் சாத்தியவர்.
குளத்தின் ஒரு முனையிலிருந்து நடந்தார்.
நான் வேண்டுமென்று எண்ணவில்லை,
என் வாய் எண்ணியது.
பதினெட்டாவது எட்டில் நின்றார்.

"படகுத்துறைக்கும் தம்பிக்கும் நடுவே
இவ்வளவுதான் இருந்தது."

திரும்பித் தொடங்கிய இடத்தைப் பார்த்தார்.
முன்னால் பார்த்தார்.
குளம் இன்னும் முடிந்திருக்கவில்லை.

நெடுநேரம் கழித்து,
பூட்ஸைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:
"அறுபத்தாறு வயதானவனுக்கும்
சொல்லித்தருவார்களா?"

பேனா உறைந்திருந்தது.
உள்ளங்கையில் பொத்தி
வாயருகே வைத்து ஊதினேன்.
அவர் வாங்கி, அவரும் ஊதினார்.