எளிய வட்டம்

சனிக்கிழமை காலை ஏழு மணி,
பியூட்டி வோர்ல்ட் நிலையத்து மின்படி முடிகிற இடத்தில்.
அங்கிருந்து புக்கிட் தீமா அடிவாரம் நடக்கிற தூரம்தான்.
நூற்று அறுபத்து மூன்று மீட்டர்.
என் முப்பது மாடி புளோக்கின் தலையில்
எதிர் புளோக்கைத் தூக்கி வைத்தால்
மலை தோற்றுவிடும்.
ஆனாலும் மலை என்றே சொல்வோம்.
இந்தத் தீவில் மண் இதற்குமேல் எழுந்ததில்லை.

பெயரிலேயே இதயம் வைத்திருக்கிற இதயத்துல்லாவுக்கு
மார்ச் மாதம் ரத்தக்குழாயில்
ஒரு கம்பிச்சுருள் வைத்தார்கள்.
"நட. கூட வருகிறவரோடு
பேச முடிகிற வேகத்தில் நட.
பேச்சு நின்றால் நீயும் நில்."
டாக்டர் சொன்னதாக ரஹீமா சொன்னாள்.

அதனால்தான் இந்த ராத்திரியில்
சாப்பாட்டு மேசையில் வரைபடம்.
காகிதத்தில் பார்த்தால் மலை குறுக்கே அரிந்த வெங்காயம்:
வளையங்கள் நெருங்கினால் செங்குத்து,
விலகினால் சமம்.
நேரே ஏறும் தார்ச்சாலை வேண்டாம்,
அது முழங்காலிடம் வட்டி கேட்கும்.
உச்சிக்குப் போகும் படிகள் வேண்டாம்.
அங்கே உயரம் பொறித்த பாறையைக் கட்டிக்கொண்டு
எல்லாரும் படம் எடுக்கிறார்கள்,
எடுக்கட்டும்.
நாங்கள் பக்கவாட்டில் போய்
பழைய கல்குவாரிக் குளத்தை எட்டிப் பார்த்துவிட்டு
மரநிழலில் வளைந்து
கிளம்பிய வாசலுக்கே வருகிறோம்.
ஒன்றரை மணி நேரம். உட்கார்ந்தால் இரண்டு.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர்.
நாக்கடியில் வைக்கும் மாத்திரை
அவன் சட்டைப்பையில் இருக்கிறதா என்று
ரஹீமாவிடம் இன்னொரு தடவை கேட்கவேண்டும்.
பிளாஸ்டிக் பை கூடாது,
அந்தச் சலசலப்பு குரங்குகளுக்குச் சாப்பாட்டு மணி.
பத்து மணிக்குமேல் இடி வரலாம் என்கிறது கைப்பேசி.
அது தினமும் அப்படித்தான் சொல்கிறது.
முடிந்ததும் கோப்பி, அவனுக்குச் சீனி இல்லாமல்.

இதுவரை எழுதியது அவனுக்கு அனுப்பலாம்.
மிச்சம் தாளின் பின்பக்கம்.

ஏழாயிரம் வெள்ளி.
சலவைக்கடைக்கு முன்பணம் கட்டக் கொடுத்தது.
கடை மூடி எட்டு மாதம்.
போன தீபாவளிக்கு என்றேன்,
இந்தத் தீபாவளிக்கும் இல்லை.
இதை எந்த வளைவில் சொல்வது?

ஏற்றத்தில் சொன்னால்
திட்டுவதற்கு அவனுக்கு மூச்சு இருக்காது.
நினைத்த மாத்திரத்தில்
பென்சிலைக் கீழே வைத்துவிட்டு
எழுந்துபோய் முகம் கழுவினேன்.
இறக்கத்தில் இருவர் கண்ணும் காலடியில் இருக்கும்,
முகம் பார்க்கத் தேவையில்லை.
அதுவும் கோழைக்குத் தோதான இடம்தான்.
குளத்தருகே சனிக்கிழமைக் கூட்டம்:
தள்ளுவண்டிப் பிள்ளைகள், குடை பிடித்த சீனத்து அத்தைகள்.
செராயா மரத்தடியில் நிற்கலாம் என்றால்
மேலே துடுப்புவால் கரிச்சான்
வேறொரு பறவையின் குரலில் கத்தும்.
நானும் அங்கே என் குரலில் பேசமாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது.
போய்த் திரும்பும் பாதையில்
பிடிக்காதவன் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம்.
வட்டத்தில் பாதி கடந்தவன்
கோபித்துக்கொண்டாலும்
கூடவே வந்துதான் வெளியே போகவேண்டும்.
அதற்குத்தான் வட்டம் பார்த்தேனா?
முழங்காலுக்காக என்றுதான்
இவ்வளவு நேரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றே காலுக்கு அவன் செய்தி.
"கோதண்டம், மொத்தம் எத்தனை படி?"
"முப்பது இருக்கும். கைப்பிடி உண்டு."
தட்டுகிறான், நிறுத்துகிறான்,
மூன்று புள்ளிகள் வந்து வந்து போகின்றன.
"சமமான இடம் எந்தப் பக்கம் வரும்?
உன்கிட்ட ஒன்று சொல்லணும்.
நடந்துகொண்டே சொன்னால் தேவலை."

விளக்கை இழுத்து வெங்காயத்தை மறுபடி பார்த்தேன்.
வளையங்கள் விலகி நிற்பது
குளம் தாண்டி ஒரே ஒரு இடத்தில்,
இருநூறு மீட்டர் இருக்கும்.
இரண்டு பேருக்குக் காணுமா?

"தொப்பி எடுத்துக்கோ" என்று மட்டும் அனுப்பினேன்.