0318

முந்நூற்றுப் பதினெட்டு என்றதும்
அறை எண்ணா என்று கேட்டான்
சூலியா தெரு லாட்ஜில் வேலை பார்க்கும் பையன்.
தோட்டா என்றேன்.
மழை வரும்போல இருக்கிறது என்றான்.

லைசென்ஸ் இருக்கிறது, பயப்படவேண்டாம்.
பெயர்: ஜெர்மேனம்மாள். தகப்பனார்: சவரிநாதன்.
ஊர்: பாலிக் பூலாவ்.
நோக்கம்: பயிர்ப் பாதுகாப்பு.
பயிர் என்பது பதினொரு டுரியான் மரம்.
ஆபத்து என்பது காட்டுப்பன்றி.
துப்பாக்கி என்பது
கப்பலேறிய துரை ஒருவர்
கிராணியாயிருந்த என் தகப்பனாருக்கு
மூன்று மாதச் சம்பள பாக்கிக்குப் பதிலாக
விட்டுப்போனது.

கூடவே இரண்டு பெட்டித் தோட்டா, பெட்டிக்குப் பத்து.
மிச்சம் நான்கு.
பதினாறும் எங்கே போயின என்று
பாலாயில் ஒரு பச்சைப் புத்தகம் சொல்லும்.
ஒன்பது பன்றி மேல் பட்டன,
ஆறு படவில்லை,
ஒன்று என் தம்பி கல்யாணத்தன்று வானத்துக்கு.
அதற்கு மட்டும்
விளக்கக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது.

ஊய் தவ்கேயின் கடையில்
முந்நூற்று எட்டு உண்டு. பன்னிரண்டு போர் உண்டு.
நான் கேட்டதும்
இடது காலுக்கு மட்டும் செருப்பு கேட்டதுபோலப் பார்த்தார்.
அதைச் செய்த கம்பெனியே செத்துப்போச்சு அம்மா என்று
மலாயில் சொன்னார்,
துக்கம் விசாரிக்கிற குரலில்.

ஆனாலும் தேடினார். எட்டு மாதம் கடிதம் போட்டார்.

பித்தளைக் கூடு பெர்த்தில் கிடைக்கிறதாம்.
வேறொரு தோட்டாவின் கூட்டை வாங்கி
கழுத்தைத் திருத்தி
இதுவாக ஆக்கித் தருகிறார் ஒரு கிழவர்;
கண் ஆபரேஷன் முடிந்து வரட்டும் என்றிருக்கிறார்.
குண்டு ஸ்வீடனில், ஐம்பதுக்குக் குறைந்து விற்பதில்லை.
மருந்து எங்கும் உண்டு,
எங்கிருந்தும் அனுப்பமாட்டார்கள்.
கடைசியில் பிரைமர்.
உளுந்தம்பருப்பு அகலம்கூட இல்லை.
அதை விமானம் ஏற்றாது, தபால் தொடாது.
அது இல்லாவிட்டால் மற்ற மூன்றும்
பேப்பர் வெயிட்.

நாலும் நாலு திசையில் சுகமாக இருக்கின்றன,
சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன
அண்ணன் தம்பிகள் மாதிரி.

இன்ஸ்பெக்டர் ரொஸ்லி நல்ல மனிதர்.
எல்லாம் வந்துசேர்ந்தாலும்
வீட்டு மேசையில் வைத்து நிரப்புவதை
நினைக்கக்கூட வேண்டாம் என்றார்.
நினைப்புக்கு எந்த பாரம் நிரப்பணும் என்றேன்.
சிரிக்கவில்லை.
வாசல்வரை வந்தபின் சிரித்தார்.

தவ்கேதான் யோசனை சொன்னார்:
முன்னால் ஒரு சைபர் போடு,
நம்பர் கடைக்குப் போ.

ஞாயிறு பூசைக்குப் போகிற வழியில்
கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டு
இரண்டு ரிங்கிட் கட்டினேன்.
சாயங்காலம் விழுந்தது, ஆறுதல் பரிசு.
எட்டு மாதம் உலகத்தைச் சுற்றியும் வராதது
நம்பராக வந்து
நூற்றிருபது ரிங்கிட் கொடுத்துவிட்டுப் போயிற்று.
கொஞ்சம் லைசென்ஸ் கட்டணத்துக்கு எடுத்துவைத்தேன்.
தவ்கேக்கு ஒரு கிலோ இறால்.
மீதியில் ஒரு டார்ச்லைட்.

அந்த டார்ச்லைட்டில்தான் பார்த்தேன்.
ஆனி மாத இரவு, இரண்டு மணி.
தாய்ப்பன்றி ஒன்று, குட்டிகள் ஐந்தோ ஆறோ.
விழுந்த பழத்தைக் காலால் உருட்டி
முள் குத்தாத இடம் பார்த்துப் பிளந்தது.
தோளில் துப்பாக்கி. உள்ளே ஒன்று. சட்டைப்பையில் மூன்று.
ஒரு பழம் நாற்பது ரிங்கிட்.
ஒரு தோட்டா என்ன விலை என்று
யாராலும் சொல்லமுடியாது.
கணக்குப் போட்டு முடிப்பதற்குள்
அது மூன்றாவது பழத்துக்குப் போய்விட்டது.
பிஸ்கட் தகரத்தைத் தட்டினேன்.
நிமிர்ந்து பார்த்தது.
அப்புறம் சாவகாசமாகக் கிளம்பியது,
பாட்டு பிடிக்காமல் எழுந்துபோகிறவர்கள் மாதிரி.

வருஷக் கடைசியில் பாலாய்.
நான்கையும் துணியில் வரிசையாக வைத்தேன்.
பன்றி வரவில்லையா அம்மா?
வந்தது. வருகிறது.
ரொஸ்லி என்னைப் பார்த்தார், தோட்டாக்களைப் பார்த்தார்.
சுட்டவை என்ற கட்டத்தில் சைபர் போட்டார்.
பேனா எழுதவில்லை.
உதறிவிட்டு
மறுபடி போட்டார்.