அறுபது குச்சி

சாட்ஸ்வொர்த் முழுக்க இருட்டு,
பன்னிரண்டரைக்குத்தான் கரண்ட்.
ஸ்டெரிலைசர் மேசையில் சும்மா நிற்கிறது.
கேஸ் அடுப்பில் பிரியாணிச் சட்டி,
உள்ளே நான்கு புட்டிகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.

பத்து நிமிடம் கொதிக்கணும் என்றாள் நர்ஸ்.
போன் செத்துவிட்டது.
கிருபேசனுக்குத் தமிழில் பத்துவரைதான் எண்ண வரும்.
இங்கிலீஷில் எண்ணினால் அவசரம் வந்துவிடுமாம்.
பத்துக்கு ஒரு தீக்குச்சி,
சிங்கம் போட்ட பெட்டியிலிருந்து மேடைக்கு.

தையல் இழுக்கிறது. படுத்தபடியே
நானும் உதடசைக்கிறேன்.
ஏழு, எட்டு,
ஒன்பதில் மட்டும் எப்போதும் தடுக்குகிறான்.

நாற்பத்தேழில் பெட்டி காலி.
அந்நேரம் பார்த்து தேஷாலி வீறிட்டாள்.
தூக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றான்,
ஒரு கண் அடுப்பில்.
பத்துக்கு ஒரு கால்விரலாக
மடக்கி மடக்கி எண்ணினான்.
அவள் அழுகையும் எண்ணிக்கையோடு
ஏறி இறங்கிற்று.
இரண்டு காலும் தீர்ந்தன.
இன்னும் மூன்று வேண்டும்.
என் கையை நீட்டினேன்.

பிள்ளையை என்னிடம் போட்டுவிட்டுப் போனான்.
இடுக்கி அகப்படவில்லை.
சாலட் கரண்டியைக் கொதிநீரில் முக்கி
முதல் காம்பைத் தூக்குகிறான்,
ரப்பர் வாடை கட்டில்வரை வருகிறது.

சுடும், ஊது என்கிறேன்.

ஊதக்கூடாதாம்.