கழித்தல் குறி

கல்பா நகரசபையின் மின்கட்டணப் பிரிவில்
பதினோரு வருடமாக பில் அடிக்கிறேன்.
இந்த மார்ச்சில்தான் முதன்முதலாக
ஒரு தொகைக்கு முன்னால்
சின்னக் கோடு ஒன்று படுத்திருந்தது.
தூசி என்று துடைத்தேன்.
திரைதான் சுத்தமானது.

வில்லா நாற்பத்தொன்று, உபைத் வீடு.
கழித்தல் நூற்றுப்பன்னிரண்டு திர்ஹம்.
அதாவது, நாங்கள் அவருக்குத் தர வேண்டும்.

மே மாதம் அதே தெருவில் பத்தொன்பது கோடுகள்.
ஜூலையில்,
ஏசிகள் அலறும் ஜூலையில்,
எங்கள் கல்லாவுக்கு அறுவடையான ஜூலையில்
முதீர் கூப்பிட்டுக் கேட்டார்:
ஊரில் ஜனம் குறைந்ததா, வெயில் குறைந்ததா?
ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிக் கொடு.

எழுதினேன். கிழித்தேன்.
கிழித்ததில் இருந்தது இதுதான்:

ஐயா, இத்தனை காலம்
வெயிலை வைத்துத்தான் பிழைத்தோம்.
வெயில் ஏறினால் ஏசி ஓடும்
ஏசி ஓடினால் மீட்டர் ஓடும்
மீட்டர் ஓடினால்
கடற்கரைச் சாலைக்கு விளக்கு,
பூங்காப் புல்லுக்குத் தண்ணீர்,
எனக்குச் சம்பளம்.
இப்போது வெயில்
நேராக வீட்டுக்காரரிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டது.
தரகுக்காரர் நாம்
வாசலில் நிற்கிறோம்.

கொடுத்த காகிதத்தில்
யூனிட்டும் சதவீதமும் மட்டும்.

மக்ரிப் பாங்கு சொன்னதும்
எல்லா வில்லாவும் நம்மிடம்தான் திரும்பி வருகின்றன.
இரவுக்கு அதே கம்பி வேண்டும்.
உப்புத் தின்னும் அதே கேபிள்,
நாற்பத்தேழு டிகிரியில்
டிரான்ஸ்ஃபார்மரைத் திறந்து நிற்கும் அதே பஷ்தூன் ஆள்.
சூரியன் கம்பி இழுப்பதில்லை,
பழுது பார்ப்பதில்லை.
உபைத் மேல் தப்பென்றும் சொல்ல முடியாது.
அவர் கூரை, அவர் காசு.
நானாக இருந்தால் மாட்டமாட்டேனா?

சுற்றறிக்கை வந்தது:
யூனிட்டுக்கு மூன்று ஃபில்ஸ் கூடுதல்.
தட்டச்சு செய்தது நான்.
அரபிக் காற்புள்ளிகளை
இரண்டு முறை சரிபார்த்ததும் நான்.

நான் இருக்கும் கட்டிடத்தின் கூரையில்
தண்ணீர்த் தொட்டிகள், டிஷ்கள்,
யாரோ விட்டுப்போன ஒற்றை ஷூ.
அது எங்கள் கூரையும் இல்லை.
ஒரே ஃபிளாட்டை பிளைவுட்டால் ஆறாகத் தடுத்து
பதினான்கு பேர்.
ஏஜென்ட் குஞ்ஞாலி ஃபிரிட்ஜில் ஒட்டினார்:
இந்த மாதம் முதல் கட்டிலுக்கு நாற்பது அதிகம்,
கரன்ட்.

கீழ்க்கட்டில் செவத்தியான்,
முதுகுளத்தூர்ப் பக்கம்.
விடியும் முன்னே உபைத் தெருவில் ஏறி
தகடு கழுவுகிறவர்.
எருமை மாதிரிதான் சார்,
குளிப்பாட்டினாத்தான் கறக்கும், என்பார்.
ஒட்டிய காகிதத்தைப் பார்த்துவிட்டு
அவர் கேட்டது ஒன்றே ஒன்று:
நம்ம ஜன்னலில் ஒண்ணு தொங்கவிட முடியாதா?
எங்கள் ஜன்னலுக்கு எதிரே
அடுத்த கட்டிடத்தின் சுவர்.
கை நீட்டினால் தொடலாம்.

ஆகஸ்டில் மூன்று நாள் புழுதிப் புயல்.
பகலே மஞ்சள்.
கணினியில் ஒவ்வொரு கோடாக எழுந்து நின்று
குறுக்கே இன்னொரு கோடு போட்டுக்கொண்டு
கூட்டல் ஆனது.
முதீர் எல்லோருக்கும் குங்குமப்பூ டீ சொன்னார்.
நானும் குடித்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் இரவு இரண்டு மணிக்கு
செவத்தியானுக்கு போன்.
ஓவர்டைம் சார், என்று
வாளியோடு இறங்கினார்.
நாற்பது வில்லாக்கள். திரும்பி வந்தபோது
புருவம்கூட மஞ்சளாக இருந்தது.

ஐந்தாம் நாள் பில் ஓட்டினேன்.
நாற்பத்தொன்று.
தொகைக்கு முன்னால் மறுபடி அந்தக் கோடு.
ஈரத் துடைப்பானை
இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு
இழுத்தது போல.

சரிபார்த்தேன் என்று கையெழுத்திட்டேன்.
அறைக்கு வந்தால் அவர் தூங்குகிறார்,
இன்னும் தராத நாற்பதை
சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு.
ஏசியை ஒரு புள்ளி குறைத்து
குளிரக் குளிர வைத்துவிட்டு
மேலே ஏறிப் படுத்தேன்.
ஓடட்டும்.